லியோகாதியா தொடாத ரொட்டி

பெனெதிக்தா வால்பா அந்த ரொட்டியைக் கைக்குழந்தை மாதிரி முதுகில் துணி போட்டுக் கட்டிக்கொண்டு குஸ்கோ நகரத்துக்குப் போகும் வேனில் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாசனை பிடித்தார், துணியைப் பார்த்தார், எழுந்து போய்ப் பின்னால் நின்றுகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஹுர்கா ரொட்டியோடு ஒருத்தி பயணம் போகிறாள் என்றால் யாருக்கோ வேலை காத்திருக்கிறது. அந்த யாரோ அவரே இல்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது?

விஷயம் எளியது. ஊர்த் திருவிழாவை வருஷத்துக்கு ஒருவர் தலையில் ஏற்றுக்கொள்கிறார். அவர் வீடு வீடாகப் போய் ஹுர்கா என்கிற ஒரு பெரிய வட்ட ரொட்டியையும் சோம்புச் சாராயம் ஒரு புட்டியையும் நீட்டி, "மாதாவோட பேரால, வாணவேடிக்கை உங்க பொறுப்பு" என்றோ, "மெழுகுவத்தி உங்க பொறுப்பு" என்றோ சொல்வார். ஒரு விள்ளல் வாயில் போட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வக்கீல் எழுதிய பத்திரத்தை மீறினவர்கள் அந்த ஊரில் நிறைய உண்டு. ரொட்டியைத் தின்றுவிட்டு மீறினவர் ஒருவரும் இல்லை. நீட்டிய ரொட்டியை வேண்டாம் என்று சொல்வது மாதாவை வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துவதற்குச் சமம். அதனால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வீட்டில் இருப்பதில்லை, அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஊரில் பாதிப் பேருக்கு லிமாவில் ஏதாவதொரு அத்தை சாகக் கிடப்பாள்.

பெனெதிக்தா திருவிழாவை ஏற்றுக்கொண்டதற்குப் பக்தி காரணம் இல்லை. போன செப்டம்பரில் பூசை முடிந்ததும், அடுத்த வருஷம் மாதா கொடியை வாங்கித் திருவிழாவை நடத்தப்போவது யார் என்று சாமியார் கேட்டார். ஆண்கள் எல்லோரும் கோயில் கூரையின் மரவேலைப்பாட்டை ரசித்தார்கள். அப்போது பின் வரிசையிலிருந்து நாத்தனார் லுக்ரேசியா, ரகசியம் பேசுகிற குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஊசி போட்ட கைக்கு மாதா கொடி எதுக்கு?" என்றாள். யோசிப்பதற்கு முன் பெனெதிக்தாவின் கை மேலே போய்விட்டது. போன கையை இறக்க வழியில்லை.

ஊசி போட்ட கை என்பது உண்மைதான். ஊர்ச் சுகாதார நிலையத்தில் நர்ஸுக்கு உதவியாளாக அவள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். ஊரில் அவள் ஊசி போடாத இடுப்பு இல்லை. மேயர் ஊசியைக் கண்டு அழுததும் அவளுக்குத் தெரியும், போலீஸ்காரர் மயங்கி விழுந்ததும் தெரியும். அதனால் அவள் ரொட்டியோடு வாசலில் வந்து நின்றால் ஒருவருக்கும் நிமிர்ந்து பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. வாணம், மெழுகுவத்தி, பீர், பீடத்துத் துணி எல்லாம் ஒப்பேறின. சூப்பு வைக்கும் பொறுப்பை நாத்தனார் தலையிலேயே கட்டினாள்.

மிச்சம் இருந்தது பேண்டு வாத்தியம் ஒன்றுதான். ஊரிலிருந்த குழு ஒரு டியூபாவுக்காகச் சண்டை போட்டு இரண்டாக உடைந்துவிட்டது. டியூபா ஒரு பாதியிடம் இருந்தது, அதை ஊதத் தெரிந்தவர் மறு பாதியிடம் இருந்தார். பேண்டு இல்லாமல் மாதாவைத் தெருவில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று சட்டம் இல்லை. முன்பொரு முறை ஒரு மனிதர் பேண்டுக்குப் பதில் லாரியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார். நடுவழியில் அது சலவைத்தூள் விளம்பரம் பாடியது. அந்த மனிதரின் பேரன்களைக் கூட இன்றும் ஊர் 'ஸ்பீக்கர் வீட்டுப் பசங்க' என்றுதான் சொல்கிறது. தனக்கும் அந்த மாதிரி ஒரு பெயரை லுக்ரேசியா தயாராக வைத்திருப்பாள் என்பதில் பெனெதிக்தாவுக்குச் சந்தேகம் இல்லை.

குஸ்கோவில் நல்ல பேண்டு வைத்திருந்தவர் ஃபோர்த்துனாத்தோ மாஸ்டர். அவர் மனைவி லியோகாதியா, பெனெதிக்தாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நர்ஸ் உதவியாள் பயிற்சி படித்தவள். பயிற்சி முடிவதற்குள் ட்ரம்பெட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு எப்போதாவது ஒரு சாவு வீட்டில் பார்த்துக்கொண்டதோடு சரி.

பெனெதிக்தா போன் போட்டு, "பார்த்து எத்தனை காலமாச்சு, ஒருநாள் நகரத்துல சுத்தலாமாடி?" என்று கேட்டாள்.

"சுத்தலாமே. மார்க்கெட்டு வாசல்ல நில்லு. வீட்டுக்கு வேணாம், பெயிண்ட் அடிக்கிறாங்க" என்றாள் லியோகாதியா. கேட்காத கேள்விக்கு இவ்வளவு வேகமாகப் பதில் வந்தால், பெயிண்ட் அடிக்கவில்லை என்று அர்த்தம்.

மார்க்கெட் வாசலில் லியோகாதியா நின்றிருந்தாள். கணுக்கால் வரை கறுப்புப் பாவாடை, கழுத்து வரை பொத்தான். காதில் தோடு இல்லை. தலையில் வழக்கமான தொப்பியும் இல்லை. முதலில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பெனெதிக்தா நினைத்தாள்.

"பெனி! அப்படியே இருக்கியேடி!"

"பொய் சொல்லாத. முட்டி ரெண்டும் போச்சு. நீ என்ன இப்படிப் பெருத்துட்ட?"

"பெருக்கல. கர்த்தரோட ஆசீர்வாதம்."

"பொரிச்ச பன்னிக்கறியோட ஆசீர்வாதம் மாதிரித் தெரியுது."

லியோகாதியா சிரிக்க ஆரம்பித்து, நினைவு வந்தவள் போல நிறுத்திக்கொண்டாள். "பெனி, உன்கிட்ட முதல்லயே சொல்லிடுறேன். நான் இப்ப சகோதரி."

"யாருக்கு?"

"கர்த்தருக்குள்ள. எல்லாருக்கும். சபையில சேர்ந்துட்டேன். சிலை, ஊர்வலம், சாராயம் ஒண்ணும் தொடுறதில்ல."

"எப்போலேர்ந்து?"

"ஜூன் கடைசியிலேர்ந்து."

பெனெதிக்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஜூன் கடைசி என்பது ஹுர்கா ரொட்டிகள் அடுப்பிலிருந்து புறப்படுகிற காலம். ஒரு மனிதர் ரொட்டியை மறுத்தும் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்றால், சபையில் சேர்ந்திருப்பது ஒன்றுதான் அதற்கு வழி. அதனால் அந்த வட்டாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பரிசுத்த ஆவி ஓய்வில்லாமல் வேலை செய்யும். உண்மையாகவே மனம் திருந்தினவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஜனவரியில் திருந்துவார்கள்.

"நல்லது. ஆத்துமா சரியா இருந்தா உடம்பும் சரியா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முதுகுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். லியோகாதியாவின் கண் அந்தத் துணி மேல் போய்விட்டு, சூடு பட்டது போலத் திரும்பியது.

உள்ளே பழரசக் கடைகள் வரிசையாக இருந்தன. கடைக்குக் கடை ஒரு பெண் உயரமான பலகை மேல் உட்கார்ந்து கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இங்க வாங்கம்மா, என் தங்கமே, வெள்ளைக்காரங்க கூடுற கடைப்பக்கம் போகாதீங்க, அங்க தண்ணி ஊத்துவாங்க!" என்று அழைத்த ஒருத்தியிடம் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் வந்தது. குடித்து முடித்ததும், வழக்கம்போலக் கடைக்காரி ஜாடியில் மிச்சமிருந்த கொசுறை பெனெதிக்தாவின் டம்ளரில் ஊற்றினாள்.

"எனக்குப் போதும். இந்தா, நீ குடி" என்று பெனெதிக்தா டம்ளரை நகர்த்தினாள்.

லியோகாதியா இரண்டு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "உன் கையால எதுவும் வேணாம்."

"என் கையில என்னடி சொறியா?"

"இன்னிக்குச் சபையில உபவாசம்."

"இப்பதானே ஒரு டம்ளர் கவுத்த?"

"அது நானே காசு குடுத்தது. காசு குடுத்துக் குடிச்சா உபவாசம் கலையாது."

கடைக்காரி இதைக் கேட்டுக்கொண்டே பெனெதிக்தாவின் முதுகை எட்டிப் பார்த்தாள். "அக்கா, அது ரொட்டியா? இந்தப் பக்கம் நீட்டிராதீங்க, கோடி புண்ணியம். போன வருஷம் தூக்கக் கலக்கத்துல ஒருத்தருகிட்ட வாயைத் திறந்துட்டேன். ஊர்வலம் முழுக்க ஆரஞ்சு புழிஞ்சு இந்தத் தோள்பட்டை வீக்கம் இன்னும் எறங்கல."

"சுடுதண்ணி ஒத்தடம் குடு. பயப்படாத, இது உனக்கு இல்ல" என்றாள் பெனெதிக்தா.

"எனக்கும் இல்ல" என்று லியோகாதியா உடனே சொன்னாள்.

"நான் யாருக்குன்னு சொன்னேனா?"

"சொல்லாத. அப்படியே வச்சுக்க."

கோயில் பக்கம் வெளியே வந்தபோது ஏதோ ஒரு பேட்டைக்காரர்கள் தங்கள் புனிதரைச் சின்னத் தேரில் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் பேண்டு, பின்னால் பட்டாசு, இரண்டுக்கும் நடுவில் படமெடுக்கும் வெள்ளைக்காரர்கள். லியோகாதியா முகத்தைக் கடைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முகம்தான் திரும்பியது. பாவாடைக்கு அடியில் கால் தாளம் போட்டது. புனிதர் எதிரே வந்தபோது வலக்கை தானாக நெற்றிக்குப் போனது. சிலுவை போடுவதற்குள் சுதாரித்துக்கொண்டு முடியை ஒதுக்கினாள். இடத்தோளிலும் வலத்தோளிலும் முடி ஒதுங்க வேண்டியிருந்தது.

"அடிப்படையே சரியில்ல. ரெண்டாவது ட்ரம்பெட்டு கேளு, வாத்து மாதிரி. உதட்டுல பிடிமானமே இல்ல. உதடு..." என்றவள் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"தூசி."

முந்தின நாள் மழை பெய்து தெரு கழுவிவிட்டது போலக் கிடந்தது. பெனெதிக்தா அதைச் சுட்டிக்காட்டவில்லை. நோயாளி வலது பக்கம் வலிக்கிறது என்று சொல்லும்போது கை இடது பக்கத்தைப் பிடித்திருந்தால், கையைத்தான் நம்ப வேண்டும். இவளுக்கு எங்கே வலிக்கிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேட்டில் இருந்த ஒரு பழைய உணவுக்கடைக்குப் போனார்கள். முற்றத்தில் நாலு மேசை, மூலையில் தவளை வாய்க்குள் பித்தளைக் காசு எறிகிற விளையாட்டு, அடுப்பில் பன்றிக்கறி. லியோகாதியா ஸ்ட்ராபெர்ரி கலந்த சோளக்கள் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி கேட்டாள்.

"சகோதரி, அது கள்ளு" என்றாள் பெனெதிக்தா.

"பழம் போட்டிருக்குல்ல? சாறுதான்."

சாறு இறங்க இறங்கச் சகோதரி பழைய லியோகாதியா ஆனாள். பயிற்சிக் காலத்தில் பிணவறைக்குள் சாண்ட்விச் மறைத்துவைத்துத் தின்ற கதையைச் சொன்னாள். தலைமை நர்ஸ் மாதிரி மூக்கால் பேசிக்காட்டினாள். "'செல்வி வால்பா, நோயாளிக்கு எனிமா குடுக்கச் சொன்னேன், ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லல!'" பெனெதிக்தாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முதுகுத் துணியை அவிழ்த்தாள். ரொட்டியை மேசை நடுவில் வைத்தாள். பக்கத்தில் புட்டியை நிறுத்தினாள்.

தவளைக்குக் காசு எறியப் போனவர் கையை ஓங்கியபடி நின்றார். அடுத்த மேசைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நாற்காலியோடு நகர்ந்தார்கள். சமையல்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"லியோகாதியா, மாதாவோட பேரால..."

"பெனி, எனக்கு அவசரமா வருது!" என்று லியோகாதியா எழுந்து ஓடிக் கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள்.

பெனெதிக்தா ரொட்டியையும் புட்டியையும் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு, ஒரு ஸ்டூலை எடுத்துப் போய்க் கழிவறைக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"லியோ, வெளியே வா."

"வயிறு சரியில்ல."

"எத்தனை வயிறு பார்த்திருக்கேன். சத்தமே வரலையே."

"நீ உட்கார்ந்திருந்தா எப்படி வரும்?"

"நான் உட்கார்ந்தா வராம போன ஆளே இல்ல. இருட்டுற வரைக்கும் உட்காருவேன்."

காத்திருந்த ஒரு கிழவர், "அம்மா, நான் கொஞ்சம்..." என்று தொடங்கினார். "மரத்தடிக்குப் போங்க ஐயா" என்று சொல்லிவிட்டு பெனெதிக்தா கதவுப் பக்கம் திரும்பினாள். "உனக்கு இஷ்டம் இல்லன்னா, இல்லன்னு சொல்லேன்டி. எதுக்குக் கர்த்தரை இழுக்குற? பேண்டு கிடைக்கலன்னா லுக்ரேசியா சாகுற வரைக்கும் என்னைச் சும்மா விடமாட்டா. அவளுக்கு இப்ப சாகுற உத்தேசமும் இல்ல. உன் வீட்டுல எட்டு ட்ரம்பெட்டு தொங்குது. என்னதான்டி பிரச்சினை?"

உள்ளே மூக்கைச் சிந்தும் சத்தம் வந்தது.

"அவருக்கு வாய் கோணிப்போச்சு, பெனி."

"யாருக்கு?"

"மாஸ்டருக்குத்தான். ஜூன் மாசம் கார்ப்பஸ் திருவிழாவுக்கு விடிகாலைப் பனியில ஊதப் போனாரு. மறுநாள் எழுந்தா ஒரு பக்கம் மூஞ்சி தொங்குது. ஊதினா காத்து ஓரமா போகுது. வெளியே தெரிஞ்சா பசங்க வேற பேண்டுக்கு ஓடிடுவாங்க. ஊதத் தெரியாத மாஸ்டருன்னு குஸ்கோ பூரா சிரிக்கும். ரொட்டி மேல ரொட்டி வருது. என்னன்னு சொல்லித் திருப்பி அனுப்புறது? அதான் சபையில சேர்ந்தேன். பாஸ்டர் நல்லவரு. பாட்டும் நல்லாத்தான் இருக்கு."

பெனெதிக்தா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "கை கால் இழுத்துச்சா?"

"இல்ல."

"பேச்சு குழறுச்சா? நினைவு தப்புச்சா?"

"இல்ல. ப, ம வரல. அவ்வளவுதான்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?"

"போனோம். ஒரு சின்ன டாக்டரு. மீசை கூட முளைக்கல. பக்கவாதம் இல்ல, முகத்து நரம்பு வீங்கியிருக்கு, மாத்திரை சாப்பிடு, தூங்கும்போது கண்ணை ஒட்டிவை, முகத்துக்குப் பயிற்சி செய்யின்னான். கண்ணாடி முன்னால கன்னத்தை உப்பணுமாம். கேட்டுட்டுச் சிரிச்சுட்டு வந்தோம். அப்புறம் கறுப்பு கினிப்பன்னியை உடம்புல தடவி வியாதியை எடுக்குற நாட்டு வைத்தியரைப் பார்த்தோம்."

"அவரு என்ன சொன்னாரு?"

"கினிப்பன்னி செத்துப்போச்சு. அப்ப வியாதி அதுக்குள்ள எறங்கிடுச்சுன்னாரு."

"அந்த அழுத்து அழுத்தினா நீயும்தான் செத்துப்போவ. கதவைத் தெற. வீட்டுக்குப் போகலாம்."

வீட்டுக்கு ஏறும் படிகள் பெனெதிக்தாவின் முட்டிகளுக்கு ஏற்றவையாக இல்லை. இரண்டு இடத்தில் நின்று, படி கட்டினவனின் வம்சத்தைத் திட்டிவிட்டு ஏறினாள். வீட்டில் பெயிண்ட் வாசனை இல்லை. வெங்காய வாசனை இருந்தது. முன்னறைச் சுவரில் ட்ரம்பெட்டுகள் எல்லாம் வெள்ளைத் துணி மூடிக்கொண்டு தொங்கின. யாராவது புதிதாக வந்து பார்த்தால் ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள்.

ஃபோர்த்துனாத்தோ மாஸ்டர் சமையலறையில் கண் வரை கம்பளி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெனெதிக்தாவைப் பார்த்ததும் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரையும் கூட்டிட்டு வராதன்னு சொன்னேனே" என்றார் சுவரைப் பார்த்து. 'ம்' வருகிற இடமெல்லாம் காற்றாக வந்தது.

"மாஸ்டர், என் மூக்கு முன்னால அழுகின கால் எல்லாம் வந்திருக்கு. உங்க மூஞ்சி என்ன பண்ணிடும்? திரும்புங்க."

திரும்பினார். கம்பளியை அவளே அவிழ்த்தாள். கன்னத்தில் வதக்கிய வெங்காயம் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் கண் இமை, பெட்டிக்கு ஒட்டுகிற அகலமான பழுப்பு டேப்பால் புருவம் வரை ஒட்டப்பட்டிருந்தது.

"டாக்டரு சொன்னதுல இது ஒண்ணைத்தான் செஞ்சோம்" என்றாள் லியோகாதியா.

"இது கண்ணுக்கு ஒட்டுறதா, லிமாவுக்கு பார்சல் அனுப்புறதா?" என்று பெனெதிக்தா வெந்நீர் வாங்கி நனைத்து மெதுவாக உரித்தாள். புருவம் பாதி டேப்போடு வந்தது. மாஸ்டர் கத்தினார். கத்தும்போது தொங்கின பக்கத்து வாய்க்கோடி லேசாகத் துடித்தது.

பெனெதிக்தா நின்றாள். "இன்னொரு தரம் கத்துங்க."

"ஏன்?"

"லியோ, இன்னும் கொஞ்சம் புருவத்தைப் பிடுங்கு."

லியோகாதியா பிடுங்கினாள். மறுபடி வாய்க்கோடி துடித்தது.

"நெத்தியைச் சுருக்குங்க. கண்ணை மூடுங்க. பரவாயில்ல, முக்காலு மூடுது. நரம்பு செத்துப்போகல. தூங்குது. அந்த மீசை முளைக்காத பையன் சொன்னது சரிதான். அவன் சொன்னதைச் செஞ்சிருந்தா இந்நேரம் பாதி சரியாயிருக்கும். அப்பவே மாத்திரை தின்னிருக்கணும். அது போனது போச்சு. பயிற்சியை இப்பக் கூட ஆரம்பிக்கலாம். ஆஸ்பத்திரிக்கும் திரும்பப் போங்க, அந்தப் பையன்கிட்டயே."

"அவன் திட்டுவான்" என்றாள் லியோகாதியா.

"திட்டட்டும். நீ சகோதரிதானே, தாங்கிக்க."

"முழுசா சரியாயிடுமா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். பெரும்பாலும் ஆகும். நான் பொய் சொல்லமாட்டேன்."

மாஸ்டர் உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தார். பெனெதிக்தா துணிமூட்டையை அங்கேதான் வைத்திருந்தாள். முடிச்சு தளர்ந்து ரொட்டியின் ஓரம் தெரிந்தது.

"அது யாருக்கு?" என்றார்.

"யாருக்கும் இல்ல" என்று லியோகாதியா குறுக்கே வந்தாள். "பெனி ஊருக்குத் திருப்பி எடுத்துட்டுப் போறா. நான் பேசிட்டேன்."

"உன்கிட்ட கேட்கல. வெனி, அது யாருக்கு?" உதடு ஒட்டாததால் பெனி வெனி ஆனாள்.

பெனெதிக்தா ஒரு கணம் யோசித்தாள். வாய் கோணிய மனிதரிடம் வாத்தியம் கேட்பது நியாயமா என்று அவள் யோசித்திருந்தால் நல்ல பெண்மணி என்று சொல்லலாம். அவள் யோசித்தது அதை அல்ல. இந்த மனிதர் இரண்டு மாதமாக இந்தச் சமையலறையில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருக்கிறார், ஒருவரும் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, படுக்கையில் கிடப்பவனிடம் ஒரு வேலை சொன்னால்தான் எழுந்து உட்காருவான் என்று யோசித்தாள். நாத்தனாரையும் சேர்த்தேதான் யோசித்தாள். மூட்டையைப் பிரித்து, ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

"மாஸ்டர், மாதாவோட பேரால, செப்டம்பர் எட்டாம் தேதி வாத்தியம் உங்க பொறுப்பு."

"வேணாம்யா! தொடாத!" என்று லியோகாதியா கத்தினாள். "உதடு சரியாகலன்னா? ஊர் கூடி நிக்கும்போது காத்து ஓரமா போச்சுன்னா?"

மாஸ்டர் ரொட்டியை வாங்கினார். நடுவில் பிட்டார். ஒரு பெரிய விள்ளலை வாயில் திணித்துக்கொண்டு மென்றார். பாதி உள்ளே போனது, பாதி தொங்கின பக்கம் வழியாகச் சட்டையில் விழுந்தது.

"தின்னுட்டாரு! ஐயோ, தின்னுட்டாரு!" லியோகாதியா தலையில் கை வைத்தாள்.

"ரெண்டு வாசமா..." என்று ஆரம்பித்து, 'மாசம்' என்ற சொல் சரியாக வராததால் வேறு விதமாகச் சொன்னார். "இத்தனை நாளா வீட்டுக்கு வந்த ரொட்டியெல்லாம் வாசலோட திரும்பிடுச்சு. என்னை ஒருதரம் கேட்டியா நீ?"

"உன் மானத்தைக் காப்பாத்தத்தானே செஞ்சேன்!"

"என் மானம் ரொட்டி கேட்டுச்சு."

"நல்ல பக்கமா வச்சு மெல்லுங்க. அவசரப்படாதீங்க, புரையேறும்" என்று சொல்லி பெனெதிக்தா அவர் தாடையைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஊத வரலன்னா என்ன செய்வீங்க?"

மாஸ்டர் வாழ்நாள் முழுவதும், பெரிய ட்ரம் அடிப்பவர்களை இசைக்கலைஞர்கள் கணக்கிலேயே சேர்த்ததில்லை. மாட்டை ஓட்டுகிற வேலை என்பார். இப்போது ரொட்டியை விழுங்கி முடிக்கக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டார். "ட்ரம் அடிக்கிறேன்" என்றார்.

"பசங்க சிரிப்பாங்க" என்றாள் லியோகாதியா.

"சிரிக்கட்டும். சிரிக்கிற வாயால ட்ரம்பெட்டு ஊத முடியாது. சிரிச்சு முடிச்சுட்டு ஊதட்டும்." நீளமான வாக்கியம். எச்சில் தெறித்தது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

லியோகாதியா ஒரு முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் பாஸ்டர்கிட்ட என்ன சொல்லுவேன்? சனிக்கிழமை எனக்குச் சாட்சி சொல்ற முறை. விக்கிரக ஆராதனையிலேருந்து எப்படி விடுபட்டேன்னு சொல்லணும்."

"புருஷனுக்குக் கீழ்ப்படின்னு பாஸ்டர் சொல்லலையா?" என்றாள் பெனெதிக்தா.

"வாரா வாரம் சொல்றாரு."

"அப்ப கீழ்ப்படிஞ்சேன்னு சொல்லு."

"நீ எங்கேருந்துடி வந்து சேர்ந்த!" என்று லியோகாதியா கையை ஓங்கினாள். ஓங்கின கை ரொட்டிப் பக்கம் போனது. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடியவள். ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்றாள்.

பெனெதிக்தா புட்டியைத் திறக்கவில்லை. அதற்கு வேறு நேரம் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அடுக்கில் இருந்த குழந்தைகளுக்கான உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தாள்.

"தண்ணியில குமிழி வர்ற மாதிரி ஊதுங்க."

ஊதினார். காற்று ஓரமாகப் போனது. தண்ணீர் அசையவில்லை.

"சரி, முதல்ல கன்னம். இப்படி." பெனெதிக்தா இரண்டு கன்னங்களையும் பந்து மாதிரி உப்பிக்காட்டினாள். "லியோ, நீயும் செய். ஒத்தையா செய்ய ஆம்பளைக்கு வெட்கமா இருக்கும்."

"நான் எதுக்குடி?"

"செய்யின்னா செய்."

லியோகாதியா வாயில் இருந்த ரொட்டியை விழுங்கிவிட்டுக் கன்னத்தை உப்பினாள். கழுத்துப் பொத்தான் இறுக்கியதால் முகம் சிவந்தது. மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்தது. முகத்தின் ஒரு பாதியில் முழுதாகவும், மறு பாதியில் ஒரு நூல் அளவும் வந்தது. அதற்கப்புறம் அவரும் உப்பினார். தொங்கின பக்கம் புஸ்ஸென்று காற்று போனது.

பெனெதிக்தா எழுந்து, அவர் உதட்டோரத்தை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம்" என்றாள்.